ஏறுமுன் தோழியிடம் காட்டு

சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் 'மெனாரா' என்ற மஞ்சள் மெரந்தி மரம் நிற்கிறது. மெனாரா என்றால் மலாய் மொழியில் கோபுரம். 2019-இல் உண்டிங் ஜாமி என்பவர் அதன் உச்சிவரை ஏறி, அளவு நாடாவால் உயரத்தை அளந்தார்: 100.8 மீட்டர்!

வனவியல் மாணவியான நான் அதைப் படித்துவிட்டுத்தான் மரமேறும் பயிற்சியில் சேர்ந்தேன். எங்களுக்குக் கிடைத்ததோ வளாகத்துத் தூங்குமூஞ்சி மரம். அதில் 8 மீட்டர் ஏறவே கை நடுங்கியது.

ஏறுவதைவிட ஆயத்தமே நீண்ட வேலை. முதலில் சிறு எடைப்பையை மெல்லிய கயிற்றில் கட்டிக் கிளைக்கு மேலே வீச வேண்டும். அதைக்கொண்டு ஏறுகயிற்றை இழுப்போம். காய்ந்த கிளையும் காளான் முளைத்த கிளையும் ஆகாது. இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கிச் சோதித்த பிறகே ஏறலாம்.

மரமேறும் கயிறு அதிகம் நீளாது. ஆகவே அது தளர்ந்திருக்கும்போது சிறிது தூரம் விழுந்தாலும் முழு அதிர்ச்சியும் உடலில்தான் இறங்கும். கட்டு முடிச்சுக்கு மேலே ஒருபோதும் ஏறக்கூடாது என்பது இதனால்தான். கிளையைத் தாண்டும்போது இரண்டாவது கயிற்றை மாட்டிய பின்னரே முதலாவதைக் கழற்ற வேண்டும். வன்பொருள் கடைக் கயிறு இதற்கு உதவாது.

மூன்றாவது வாரம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. தரையிலிருந்து ஒரு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன்.

"ஏய், இறங்கு! கேரபினரைப் பூட்டவே இல்லையே!" என்று தோழி கத்தினாள்.

குனிந்து பார்த்தேன். வளையத்தின் திருகு திறந்தே இருந்தது. இன்னும் 7 மீட்டர் மேலே, கிளையில் உரசி அது திறந்திருந்தால்? அன்று நான் மீண்டும் ஏறவில்லை.

பயிற்றுநர் திட்டவில்லை. "மறதி எல்லாருக்கும் வரும். அதனால்தான் இருவராக வருகிறோம்" என்றார். ஹார்னெஸில் அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கீழே நிற்பவருக்கும் மீட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஏறுமுன் தலைக்கவசம், ஹார்னெஸ், முடிச்சு, பூட்டு என ஒவ்வொன்றையும் தொட்டு, சத்தமாகச் சொல்லித் தோழியிடம் காட்டுகிறேன். பிறகு அவளுடையதை நான் பார்க்கிறேன். முப்பது வினாடிதான் ஆகிறது.

நண்பர்களே, மரமோ மலையோ ஏற ஆசையா? முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள்.