காசநோய் மூளைக்காய்ச்சல்: குழந்தைக்குத் தலை ஸ்கேன் எதற்கு?

சின்னமனூரிலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டுபோனால், "தலையை ஸ்கேன் எடுக்கணும்" என்றதுமே நாம் பதறிவிடுகிறோம். காய்ச்சலுக்கு எதற்கு ஸ்கேன் என்ற கேள்வி நியாயமானதுதான்.

காசநோய்க் கிருமி இரத்தத்தின் வழியாக மூளையுறையை அடைந்தால், மூளையின் அடிப்பகுதியில் பசை போன்ற கசிவு படிகிறது. மூளைநீர் ஓடும் பாதையை அது அடைக்கும். இரத்தக் குழாய்களையும் நெரிக்கும். நீர் தேங்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். இரத்தம் தடைபட்டால் கை கால் விளங்காமல் போகும். சி.டி. ஸ்கேன் நீர்த்தேக்கத்தைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். அதை வடிக்க அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்க இது உதவும். சிறிய இரத்த அடைப்புகளை எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால் குழந்தை அசையாமல் படுக்க வேண்டும், அதற்கு மயக்க மருந்து தேவைப்படலாம்.

ஆரம்பத்தில் ஸ்கேன் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்றாகாது. முதுகில் நீர் எடுத்துப் பார்ப்பதும் அவசியம். அந்த ஊசியால் பிள்ளை முடமாகிவிடும் என்று கையெழுத்துப் போட மறுக்கும் பெற்றோர் இன்னும் நம்மிடையே உண்டு. முடம் வருவது பெரும்பாலும் சிகிச்சை தாமதமாவதால்தான். சென்னையில் 180 குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்து 1986-இல் வெளியான ஆய்வில் 27 சதவீதம் பேர் இறந்தனர். 34 சதவீதம் பேரே முழுமையாகக் குணமடைந்தனர். நோய் முற்றி வந்தவர்களிடம்தான் இறப்பு அதிகம்.

ஒரு வாரத்தைத் தாண்டிய காய்ச்சல், வாந்தி, தலைவலி, தூங்கி வழிதல் இருந்தால் உடனே காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை வழக்கமாக 12 மாதம். அரசு மருத்துவமனையில் இலவசம்.