முதியோர் குடியிருப்பில் சுயாட்சி

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்களில் சிலர், ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து முதியோர் குடியிருப்புகளில் வீடு வாங்க முற்படுகின்றனர். சமையல், வைத்தியம், காவல் யாவும் கிடைக்குமென விளம்பரங்கள் கூறும். மாதக் கட்டணத்தை உயர்த்தும் அதிகாரம் யாருடையது, கணக்கு யாரிடம் காட்டப்படும் என்பவற்றைப் பற்றி அவை மூச்சு விடுவதில்லை.

"தள்ளாத வயதில் நிர்வாகத் தொல்லை எதற்கு?" என்பாருண்டு. இவ்வாதத்தை நாம் ஒப்போம். உங்களுக்கு ஆளத் தெரியாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்நியர் நம்மிடம் சொன்னதும் இதுவேயன்றோ?

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. 2016-ஆம் வருஷத்திய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீடு வாங்கியோர் சங்கம் அமைய வழி செய்வதைக் கட்டுவோரின் கடமையாக்கியது. அம்முயற்சியில் பங்கு கொள்வதை வாங்கியோரின் கடமையாக்கியது. ஓய்வுக்கால இல்லங்களுக்கென 2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்டவை மாதிரி விதிகளே; மாநிலங்கள் ஏற்றாலன்றி அவை கட்டுப்படுத்தா. ஆகவே சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நடக்க வேண்டியவர் குடியிருப்போரே.

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாஸனம் (921) எழுபது வயது கடந்தோரை வாரியங்களினின்று விலக்கிற்று. கணக்குக் காட்டாதோரையும் விலக்கிற்று. முதல் விதி முதியோர் குடியிருப்புக்குப் பொருந்தாது. இரண்டாவது விதியைப் பொன்னேபோல் போற்ற வேண்டும்.

ஆதலின், சங்கத்தைப் பதிவு செய்க; தேர்தல் நடத்துக; தணிக்கை செய்த கணக்கை வருஷந்தோறும் சபையில் வைக்கும்படி கேட்க. வாழ்நாளெல்லாம் யந்திரங்களை நடத்தியவர்களுக்கு, தங்கள் சமையற்கூடத்தின் வரவு செலவைப் பார்க்கத் தெரியாதா?