5,000 டாலர் கார், 15,000 டாலர் பில்: ரோட்டரி காரும் பழைய பிக்கப்பும்

அமெரிக்காவில் பழைய கார் விளம்பரங்களில் அடிக்கடி ஒரு வரி வரும்: "கடைசியா நிறுத்தினப்போ நல்லா ஓடிச்சு." எப்போ நிறுத்தினாங்கன்னு மட்டும் எழுத மாட்டாங்க! மாஸ்டா ஆர்எக்ஸ்-7 மாதிரி ரோட்டரி கார் மேல ஆசைப்படுறவங்க பலரோட பயணம் இப்படி ஒரு விளம்பரத்துலதான் ஆரம்பிக்குது. கொஞ்ச வருஷம் கழிச்சுப் பார்த்தா அதே ஆள் ஒரு பழைய பிக்கப் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருப்பார். நடுவுல நடந்தது முழுக்கப் பணக் கணக்கு.

முதல்ல இன்ஜினைப் புரிஞ்சுக்குவோம். ரோட்டரியில் மேலும் கீழும் போகிற பிஸ்டன் கிடையாது. முக்கோணம் மாதிரி ஒரு ரோட்டர் உள்ளே சுற்றும். அதன் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல்னு மெல்லிய பட்டைகள் இருக்கும். மாஸ்டாவின் புகழ்பெற்ற 13பி இன்ஜினில் இரண்டு ரோட்டர், ஆக மொத்தம் ஆறு சீல். 1,308 சிசி-தான், ஆனா ஓட்டம் அவ்வளவு வழவழன்னு இருக்கும். அந்தச் சீலுக்கு எண்ணெய் போக, கொஞ்சம் ஆயிலை எரிக்கிறது டிசைனிலேயே இருக்கு. சீல் தேஞ்சா கம்ப்ரஷன் போச்சு. உடைஞ்சா ரோட்டரையும் சுற்றியிருக்கிற ஹவுசிங்கையும் கீறிவிடும். அப்போ பில் எகிறும்.

இது கம்பெனிகளையே ஆட்டிய விஷயம். ஜெர்மனியின் என்எஸ்யு 1967-ல் ஆர்ஓ 80 காரைக் கொண்டு வந்தது. வாரண்டியில் இன்ஜின் மாத்திக் கொடுத்தே நொந்துபோய், 1969-ல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது. மாஸ்டாவே ஆர்எக்ஸ்-8-க்கு அமெரிக்காவில் இன்ஜின் வாரண்டியை 8 வருஷம், ஒரு லட்சம் மைல்னு நீட்டிக்க வேண்டி வந்தது.

அதனால் வாங்கும் முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயம். இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. சாதாரண கேஜ் வைத்தால், ரோட்டரின் மூன்று பக்கங்களில் எது அதிகமோ அதை மட்டும்தான் காட்டும். மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. ஃபண்டோட பெஸ்ட் வருஷத்தை மட்டும் காட்டி விக்கிற மாதிரிதான்! மூன்று பக்கத்தையும் தனித்தனியா காட்டுற ரோட்டரி டெஸ்டர் வேணும். விக்கிறவர் அதுக்கு ஒத்துக்கலைன்னா, இன்ஜின் போயிடுச்சுன்னு வச்சே விலை பேசணும்.

இப்போ கணக்கு. இது மார்க்கெட் ரேட் இல்லை, புரியறதுக்காக நான் போட்ட எண்கள். கார் 5,000 டாலர். இன்ஜினைப் பிரிச்சுக் கட்ட 5,000. வீட்டில் கராஜ் இல்லாதவர் மாசம் 150 டாலர் வாடகைக்கு இடம் எடுக்கிறார், வேலை மூணு வருஷம் இழுக்குது: 5,400. மொத்தம் 15,400. கவனிச்சீங்களா? காரை விட, இன்ஜினை விட, வாடகை அதிகம்! ப்ராஜெக்ட் காரில் ரொம்பக் காஸ்ட்லியான பார்ட், முடியாம நிக்கிற மாசங்கள்தான். பர்சனல் லோன் போட்டு வாங்கினவருக்கு இன்னும் மோசம். கார் ஸ்டாண்டு மேல நிக்கும், இஎம்ஐ மட்டும் ஓடும்.

பழைய பிக்கப் இங்கதான் வித்தியாசப்படுது. 1967-72 செவர்லே சி10 எடுத்துக்குங்க. அதில் வரும் ஸ்மால் பிளாக் வி8 குடும்பம் 1955-ல் தொடங்கியது, 2011-க்குள் 10 கோடி இன்ஜின் தயாரித்துவிட்டார்கள். பாடி தகடு உட்பட பல பார்ட்ஸ் இன்னிக்கும் புதுசா வருது. முக்கியமா, வண்டி ஓடிக்கிட்டே இருக்கும்போது வேலை பார்க்கலாம். இந்த மாசம் பிரேக், போனஸ் வந்தா பெயிண்ட். சம்பளக்காரருக்கு இதுதான் பொருந்தும்னு நான் நினைக்கிறேன். துருப்பிடிச்ச ஃபிரேம் மட்டும் விதிவிலக்கு, அதுக்குப் பக்கத்துலயே போகாதீங்க.

"விலை ஏறுமே, அப்போ முதலீடுதானே?"ன்னு கேப்பீங்க. ரெண்டு ஆசையும் சேர்ந்த வண்டி ஒண்ணு உண்டு: மாஸ்டா ரோட்டரி பிக்கப். 1974 முதல் 1977 வரை வட அமெரிக்காவில் மட்டும் விற்றது. 1973 எண்ணெய் நெருக்கடி முடிஞ்ச கையோட, பெட்ரோல் குடிக்கிற பிக்கப்பை யார் வாங்குவா? சுமார் 15,000 வண்டியோட கதை முடிஞ்சது. அன்னிக்கு விக்காம போனதாலதான் இன்னிக்கு அது அரிது, அதனால்தான் சேகரிப்பவர்கள் தேடுறாங்க. 1974-ல் இதை யாரும் ப்ளான் பண்ணி வாங்கியிருக்க முடியாது. மழையில் துருப்பிடிச்சு ஸ்கிராப்புக்குப் போனதும் இதே வண்டிதான்.

இன்னிக்கு ஒண்ணு கண்ணில் பட்டா, இன்ஜினை விட பாடியை முதல்ல பாருங்க. 13பி-யைக் கட்டித் தர ஆள் இருக்காங்க. அந்த அகலமான ஃபெண்டர் இந்த மாடலுக்கு மட்டுமே செஞ்சது, சாதா மாஸ்டா பிக்கப்பில் இருந்து கழட்டிப் போட முடியாது.