பிடி அரிசியும் ஒரு கூரையும்: வீடு இல்லாதவர்களுக்கு வடசென்னை காட்டிய வழி

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பெயர் உண்டு. அது சர்க்கார் வைத்த பெயர் அல்ல. ஜனங்கள் வைத்த பெயர்.

"கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி!"

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரிக்கும் கஞ்சிக்கும் என்ன சம்பந்தம்? நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்ததால் வந்த பெயரா?

இல்லை. வீடு வாசலை இழந்து, கைக்குழந்தையோடு நடந்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் அது. இது நடந்து 240 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்று ஊற்றிய கஞ்சி எப்படி ஒரு கூரையாக மாறியது என்பது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஊரை விட்டு ஓடி வந்தார்கள்

1780-ம் ஆண்டு. மைசூரை ஆண்ட ஐதர் அலிக்கும், வெள்ளைக்காரர்களின் கம்பெனிக்கும் சண்டை மூண்டது. ஐதர் அலியின் படை மலைக் கணவாய்களைத் தாண்டி ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது.

படை போன வழியில் ஊர்கள் எரிந்தன. பயிர்கள் அழிந்தன. ஆடு மாடுகள் பறிபோயின. உழுதவன் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடினான்.

எங்கே ஓடுவது? சென்னைப் பட்டணத்துக்குக் கோட்டை இருக்கிறது. மதில் இருக்கிறது. அங்கே போனால் பிழைக்கலாம் என்று ஆயிரக்கணக்கான மக்கள் வந்து சேர்ந்தார்கள்.

பட்டணத்திலோ அரிசி இல்லை! கிராமத்தில் இருந்து நெல் வந்தால்தானே பட்டணத்தில் உலை கொதிக்கும்? கப்பலில் வந்த அரிசியை நம்பி இருந்தார்கள். 1782-ம் ஆண்டு அக்டோபரில் பெரும் புயல் அடித்தது. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நின்ற அரிசிக் கப்பல்கள் உடைந்து போயின.

பசியால் மக்கள் தெருவிலே விழுந்து செத்தார்கள்.

மணியக்காரர் சத்திரம்

அந்த நேரத்தில், மதிலுக்கு வடக்கே ஒரு கஞ்சித் தொட்டி ஏற்பட்டது. அதைத் தொடங்கியவர் ஒரு கிராம மணியக்காரர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதனால் அந்த இடத்துக்கு "மணியக்காரர் சத்திரம்" என்று பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது "மோனிகர் சத்திரம்" ஆகிவிட்டது.

பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு உதவி செய்ய ஒரு கமிட்டி அமைந்தது. நன்கொடை திரட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினார்கள்.

பிறகு பஞ்சம் தீர்ந்தது. சண்டையும் ஓய்ந்தது. பலர் ஊர் திரும்பினார்கள்.

ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. சிலருக்கு ஊரே இல்லை. சிலருக்கு உறவே இல்லை. கை கால் விழுந்த கிழவர், பிள்ளையைப் பறிகொடுத்த தாய், நோயாளி, இவர்கள் எங்கே போவார்கள்?

"பஞ்சம் முடிந்தது, தொட்டியைக் கவிழ்த்து விடுவோம்" என்று யாரும் நினைக்கவில்லை. சத்திரம் தொடர்ந்து நடந்தது. இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான்.

கஞ்சியில் முளைத்த ஆஸ்பத்திரி

சத்திரத்தில் இருந்தவர்களுக்குச் சோறு மட்டும் போதவில்லை. வைத்தியமும் தேவைப்பட்டது. 1799-ம் ஆண்டு ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே ஏழைகளுக்கு ஒரு வைத்திய விடுதியைத் தொடங்கினார்.

அந்த விடுதி வளர்ந்தது. 1910-ல் சர்க்கார் அதை ஏற்று, "ராயபுரம் ஆஸ்பத்திரி" ஆக்கியது. பின்னர் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1938-ல் அது மருத்துவக் கல்லூரியாகவும் ஆனது.

இன்று ஸ்டான்லியில் படித்த டாக்டர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். அத்தனைக்கும் வித்து ஒரு குவளைக் கஞ்சி!

மணியக்காரர் சத்திரம் என்ன ஆயிற்று? அதுவும் மறைந்து விடவில்லை. வெங்கடகிரி ராஜாவின் சத்திர தர்மமும் அதோடு சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லமாக அது நிலைத்தது.

நடைபாதையில் ஏன் படுக்கிறார்கள்?

இப்போது பஞ்சம் இல்லை. ரேஷன் கடை இருக்கிறது. பின் ஏன் பாரிமுனையில் இருந்து ராயபுரம் வரை நடைபாதையில் குடும்பங்கள் வாழ்கின்றன?

"சோம்பேறிகள்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு.

மூட்டை தூக்குகிறவர், மீன்கூடை சுமக்கும் பெண், பூக்கட்டும் பாட்டி, குப்பையில் காகிதம் பொறுக்குகிறவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறவர், இவர்கள்தான் நடைபாதையில் படுக்கிறவர்களில் பலர். விடியற்காலை 3 மணிக்குக் காசிமேட்டில் மீன் ஏலம் என்றால், பக்கத்திலே படுத்தால்தான் அந்த வேலை கிடைக்கும். அன்றாடக் கூலியில் வாடகை கொடுக்க முடியாது. வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்சுக்கு எங்கே போவது?

பாட்டி நடைபாதையில் பிறந்தாள். மகள் நடைபாதையில் பிறந்தாள். பேத்தியும் அங்கேயே பிறந்தாள். இப்படித் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களும் உண்டு.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஏற்பட்டது. 2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அது லட்சக்கணக்கானவர்களுக்கு வீடு கொடுத்து இருக்கிறது. ஆனால் கண்ணகி நகர் போன்ற இடங்கள் ராயபுரத்தில் இருந்து 20 கிலோ மீட்டருக்கும் அதிக தூரம். வீடு அங்கே, பிழைப்பு இங்கே! பஸ் செலவுக்கே கூலி போய்விடும் என்று பழைய இடத்துக்கே திரும்பி வந்தவர்கள் உண்டு.

இரவில் தூங்காத தாய்

பகலில் நடைபாதை வாழ்க்கை பழகிவிடும். இரவுதான் பயங்கரம்.

வயதுக்கு வந்த மகள் பக்கத்திலே படுத்து இருப்பாள். தாய் கண் மூட மாட்டாள். குடிகாரன் வருவான். லாரி தறிகெட்டு ஏறும். மழை வந்தால் கடைவாசல் தேட வேண்டும். கழிவறைக்குப் போக விடியும் வரை காத்து இருக்க வேண்டும்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி இந்தியாவில் வீடு இல்லாதவர்கள் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். கணக்கு எடுக்கிற இரவில் கண்ணில் பட்டவர்கள்தான் இதில் சேர்ந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு

2010-ம் ஆண்டு, வட இந்தியாவில் கடுங்குளிர் அடித்தபோது, இந்தப் பிரச்சினை சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. "பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்கும் இடம் வேண்டும். அது ஆண்டு முழுவதும், இரவும் பகலும் திறந்து இருக்க வேண்டும்" என்ற முறை அந்த வழக்கில் ஏற்பட்டது.

2013-ல் வந்த மத்திய சர்க்கார் திட்டம், தங்கும் இடத்தில் ஒருவருக்கு 50 சதுர அடியாவது வேண்டும் என்று விதி வகுத்தது. குடிநீர், கழிவறை, விளக்கு எல்லாம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

சென்னை மாநகராட்சி கட்டிடம் கொடுக்கிறது. தொண்டு நிறுவனங்கள் விடுதியை நடத்துகின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியோருக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி விடுதிகள் உள்ளன.

கட்டிடம் சர்க்கார் பணத்தில் வந்துவிடும். ஆனால் நடைபாதையில் இருக்கும் பாட்டியிடம் போய், "வாங்க பாட்டி, பயப்படாதீங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வர யார் இருக்கிறார்கள்? அதற்குத்தான் தொண்டர்கள் வேண்டும்.

லார்ட்ஸ் மைதானத்தில் சென்னைப் பிள்ளைகள்

வடசென்னையில் அப்படி வேலை செய்கிற நிறுவனங்களில் ஒன்று "கருணாலயா". 1995-ல் தொடங்கியது. தெருவில் வாழும் குழந்தைகளையும், நடைபாதைக் குடும்பங்களையும் தேடிப் போய் உதவுகிறது.

2019-ம் ஆண்டு மே மாதம் லண்டனில் ஓர் அதிசயம் நடந்தது. தெருவோரப் பிள்ளைகளுக்காக உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தது. கடைசிப் போட்டி, பெயர் பெற்ற லார்ட்ஸ் மைதானத்தில்! தென்னிந்திய அணி இங்கிலாந்து அணியை வென்று கோப்பையைத் தூக்கியது. ஆண்களும் பெண்களும் கலந்து ஆடிய அந்த அணியில் கருணாலயாவின் சென்னைப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கோப்பையை விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. லண்டன் போக பாஸ்போர்ட்டு வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு முகவரி வேண்டும். நடைபாதையில் பிறந்த பிள்ளைக்கு ஏது முகவரி?

கூரை என்றால் மழைக்கு ஒதுங்கும் இடம் மட்டும் அல்ல. கூரை இருந்தால்தான் முகவரி. முகவரி இருந்தால்தான் பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு, பென்ஷன் எல்லாம் எளிதாகக் கிடைக்கும்.

ஓட்டு மட்டும் இதற்கு விலக்கு. வீடு இல்லாதவரும் வாக்காளர் ஆகலாம். அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று தேர்தல் ஊழியர் இரவில் வந்து பார்ப்பார். பார்த்து உறுதி செய்தால் போதும். வேறு அத்தாட்சி வேண்டாம். இந்த உரிமை பலருக்குத் தெரியாது!

பின்லாந்து செய்த காரியம்

வீடு இல்லாமையை ஒழிக்கவே முடியாது என்று நினைப்பவர்கள் பின்லாந்து நாட்டைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள குளிர் நாடு அது.

1987-ல் அங்கே வீடு இல்லாதவர்கள் 18 ஆயிரத்துக்கும் அதிகம். 2022-ல் அது 4 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

எப்படி? "முதலில் குடியை விடு, வேலையைத் தேடு, பிறகு வீடு தருகிறோம்" என்பது பழைய முறை. 2008-ல் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். "முதலில் வீட்டைப் பிடி. மற்றதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்றார்கள். சாவி கையில் வந்ததும் மனிதனுக்குத் தெம்பு வந்தது. மற்றவற்றைச் சரி செய்ய உதவுவதற்கு ஊழியர்களும் கூடவே இருந்தார்கள்.

தமிழ்நாட்டு வழி: பிடி அரிசி

பின்லாந்து பணக்கார நாடு. நம்மால் முடியுமா?

தமிழ்நாட்டிலும் ஒரு பழைய வழி உண்டு. விருதுநகரில் 1889-ல் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடம் தொடங்கியது. அதை நடத்தப் பணம் எப்படி வந்தது? வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அதைச் சேர்த்து விற்றார்கள். வியாபாரிகள் "மகமை" கொடுத்தார்கள். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர்!

ஒரு தெருவில் 100 வீடுகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பிடி அரிசி 50 கிராம். நாள் ஒன்றுக்கு 5 கிலோ. மாதம் 150 கிலோ! கொடுத்தவர் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. தெருவுக்கோ ஒரு நிதி சேர்ந்துவிட்டது.

புயல் வந்தால் சென்னை மக்கள் பொட்டலம் பொட்டலமாகச் சோறு கொடுக்கிறார்கள். அது பெருமை. ஆனால் வெள்ளம் வடிந்ததும் கையும் வடிந்துவிடுகிறது! மணியக்காரர் சத்திரம் நிலைத்ததற்குக் காரணம், பஞ்சம் முடிந்த பிறகும் அது மூடப்படவில்லை என்பதுதான். ஒரே நாளில் ஆயிரம் ரூபாய் கொடுப்பதை விட, மாதா மாதம் நூறு ரூபாய் கொடுப்பது விடுதி நடத்துகிறவருக்குப் பெரிய பலம். பால்காரருக்கும் மின்சாரத்துக்கும் மாதா மாதம்தானே பணம் கட்ட வேண்டும்?

நீங்கள் என்ன செய்யலாம்?

பணம் இல்லாதவரும் உதவலாம்.

முடிதிருத்தும் தொழிலாளி, விடுதிக்கு மாதம் ஒரு முறை போகலாம். தையல் தெரிந்த பெண், கிழிந்த துணியைத் தைத்துக் கொடுக்கலாம். கல்லூரி மாணவர், பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர், முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீசுக்குத் துணையாகப் போகலாம். ஒரு தடவை போனால் காரியம் முடியாது. மூன்று தடவை போக வேண்டி இருக்கும். அந்தப் பொறுமைதான் தொண்டு!

தெருவில் ஆதரவு இல்லாமல் ஒருவர் கிடந்தால், மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் போன் செய்யலாம். குழந்தை என்றால் 1098. முதியவர் என்றால் 14567.

ஆனால் ஒன்று. அவரை எழுப்பிப் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லட்டும். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். வீடு இல்லாதவருக்கும் மானம் உண்டு.

பெயர் தெரியாத ஒரு மணியக்காரர் மூட்டிய அடுப்பில் இருந்து ஒரு சத்திரமும், ஒரு பெரிய ஆஸ்பத்திரியும் வந்தன. அவரிடம் இருந்தது ஒரு தொட்டிக் கஞ்சி. நம் வீட்டுப் பானையில் ஒரு பிடி அரிசி இருக்காதா, என்ன?