சொல்லப்படாத காரணம்: பெண்கள் மீதான பாலியல் வன்முறையும் உடல்நலமும்

தீராத அடிவயிற்று வலி, அடிக்கடி திரும்பும் சிறுநீர்த் தொற்று, உறக்கமின்மை, காரணம் புலப்படாத தலைவலி, படபடப்பு ஆகியவற்றுடன் மருத்துவமனைக்கு வரும் பெண்கள் பலர். இவர்களுள் சிலருக்கு எத்தனை பரிசோதனைகள் செய்தாலும் நோயின் வேர் பிடிபடுவதில்லை. ஆய்வுக்கூட அறிக்கையில் தென்படாத காரணங்களுள் ஒன்று பாலியல் வன்முறை. அது காவல்துறையும் நீதிமன்றமும் மட்டும் கவனிக்க வேண்டிய குற்றம் அன்று. உடலையும் மனத்தையும் நெடுங்காலம் வருத்தும் நலவாழ்வுச் சிக்கலும் ஆகும்.

எவ்வளவு பரவலானது?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவர் தம் வாழ்நாளில் கணவர் அல்லது துணைவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையையோ, பிறரால் பாலியல் வன்முறையையோ அனுபவித்துள்ளார். இந்தியாவில் 2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 6 விழுக்காட்டினர் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். கேட்பவரிடம் மனம் திறந்து சொல்லத் துணிந்தோரின் அளவே இது. உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் சொல்லவுமில்லை, உதவி நாடவுமில்லை என அதே ஆய்வு கூறுகிறது.

அறிமுகமற்றவர் இருளில் வழிமறிப்பதே பாலியல் வன்முறை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. புள்ளிவிவரங்கள் வேறு உண்மையைக் காட்டுகின்றன. பாலியல் வன்முறைக்கு உள்ளான மணமான பெண்களில் 82 விழுக்காட்டினர் தம் கணவரையும், 13 விழுக்காட்டினர் முன்னாள் கணவரையும் குறிப்பிட்டனர். காவல்துறையில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளிலும் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர்தான். உறவினராகவோ, அண்டை வீட்டாராகவோ, உடன் பணிபுரிபவராகவோ இருப்பவரைச் சுட்டிக்காட்டுவது எளிதன்று. மௌனத்திற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

இடர்க்காரணிகள் எவை?

இடர்க்காரணி என்பது குற்றத்திற்கான பொறுப்பு அன்று. பொறுப்பு முழுவதும் குற்றம் இழைப்பவரையே சாரும். ஆபத்து எங்கே கூடுகிறது என அறிந்தால் தடுப்பது எளிதாகும் என்பதற்காகவே அவற்றை ஆராய்கிறோம்.

மிகுதியான மதுப்பழக்கம் இவற்றுள் முதன்மையானது. கணவர் அடிக்கடி போதைக்கு உள்ளாகும் குடும்பங்களில் 70 விழுக்காட்டுப் பெண்கள் கணவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர்; கணவர் மது அருந்தாத குடும்பங்களில் இது 23 விழுக்காடு. மது இல்லாத வீடுகளிலும் வன்முறை நிகழ்கிறது என்பதையும் இவ்வெண் உணர்த்துகிறது.

தந்தை தாயை அடிப்பதைப் பார்த்து வளர்தல், குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு உள்ளாதல், கல்வியும் சொந்த வருவாயும் இன்மை, மனைவியின் போக்குவரத்தையும் கைபேசியையும் பணத்தையும் கட்டுப்படுத்தும் கணவர், 'ஆண் என்றால் அப்படித்தான்' எனப் பொறுத்துக்கொள்ளும் சுற்றம் ஆகியவையும் இடரைப் பெருக்குகின்றன. மாற்றுத்திறனாளிப் பெண்களும், போரினாலோ பேரிடரினாலோ இடம்பெயர்ந்தோரும் கூடுதல் ஆபத்தில் உள்ளனர். பெண்ணின் உடையையோ, அவர் வெளியே சென்ற நேரத்தையோ காரணமாக்குவது, தம் வீட்டிற்குள்ளேயே துன்புறும் பெண்களை மறந்த பேச்சாகும்.

காலம் தாழ்த்தலாகாது

வன்முறைக்கு உள்ளானவருக்கு முதல் 72 மணி நேரம் மிக முக்கியமானது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை இக்காலத்திற்குள், இயன்றவரை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையையும் விரைந்து எடுக்க வேண்டும். ஐந்து நாட்கள் வரை அது ஓரளவு பயன் தரும். பிற பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்துகளும், கல்லீரல் அழற்சி 'பி' தடுப்பூசியும் தேவைக்கேற்ப அளிக்கப்படும். நாட்கள் கடந்துவிட்டன என்பதற்காக வராமல் இருக்க வேண்டாம்; சிகிச்சையும் மனநல ஆதரவும் எப்போதும் உண்டு.

இயன்றால் குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் முன்பே வருவது தடயங்களைக் காக்கும். உடை மாற்றியிருந்தால், அவ்வுடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்துக் கொண்டுவரலாம்.

பரிசோதனை குறித்த அச்சம் பலரைத் தடுக்கிறது. உங்கள் ஒப்புதலின்றி எந்தப் பரிசோதனையும் செய்யப்படமாட்டாது. எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லலாம். இழிவான 'இரு விரல் சோதனை' கூடாது என உச்ச நீதிமன்றம் 2013-இலும், மீண்டும் 2022-இலும் தீர்ப்பளித்துள்ளது. உடலில் காயம் இல்லாதது சம்மதத்திற்குச் சான்று அன்று. அச்சத்தில் உடல் உறைந்துபோவது நரம்பு மண்டலத்தின் இயல்பான எதிர்வினை.

பாலியல் வன்புணர்வுக்கு உள்ளானவருக்கு அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடியாகவும் கட்டணமின்றியும் சிகிச்சை அளிக்கச் சட்டம் பணிக்கிறது. காவல்துறைக்குத் தகவல் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. வாக்குமூலம் அளிப்பதா என்பது வயதுவந்த பெண்ணின் முடிவு. அவர் எம்முடிவு எடுத்தாலும் சிகிச்சை மறுக்கப்படாது. 18 வயதுக்கு உட்பட்டோர் எனில், போக்சோ சட்டப்படி புகார் கட்டாயம். கணவரால் நேரும் பாலியல் கொடுமைக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புக் கோரலாம்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்

புறநோயாளிப் பிரிவில் பெண் நோயாளியுடன் வந்தவரைச் சற்று வெளியே அமரும்படி நாங்கள் கேட்டுக்கொள்வதுண்டு. அதனைக் குறையாகக் கொள்ள வேண்டாம். கணவர், மாமியார், தாய் எவராயினும், அருகில் ஒருவர் இருக்கையில் சொல்ல இயலாத செய்திகள் உள்ளன. எல்லாப் பெண்களுக்கும் அந்தச் சில நிமிடத் தனிமை தேவை.

உங்கள் வீட்டுப் பெண் ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, 'ஏன் அங்கே போனாய்?', 'ஏன் அப்போதே சொல்லவில்லை?' என்னும் கேள்விகளைத் தவிர்த்திடுங்கள். 'நீ சொல்வதை நம்புகிறேன்; இது உன் தவறன்று' என்று சொல்லுங்கள். விவரங்களைத் துருவிக் கேளாதீர்கள், பிறரிடம் பகிராதீர்கள். அவர் மருத்துவமனைக்கு வர இசைந்தால் துணையாக வாருங்கள். பின்வரும் வாரங்களில் உறக்கமின்மை, திடுக்கிடல், உணவில் வெறுப்பு, உயிர்மாய்ப்பு எண்ணம் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

உதவிக்கு

பெண்கள் உதவி எண்: 181
அவசர உதவி: 112
குழந்தைகள் உதவி எண்: 1098
மனநல ஆலோசனை: 14416

மருத்துவம், சட்டம், மன ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வழங்கும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களும் மாவட்டங்களில் இயங்குகின்றன. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, 'தனியாகப் பேச வேண்டும்' என்று செவிலியரிடம் சொன்னாலே போதும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.