கையால் ஒரு தேநீர்க் கோப்பை

இடம்பெயர்ந்தபோது எதை எடுத்தோம், எதை விட்டோம் என்ற கணக்கு நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. மூக்குப்பேணியும் கோப்பையும் பெரும்பாலும் விட்டவற்றோடுதான் சேரும். கையில் இருக்கும் தொழில் அப்படியல்ல. அது கூடவே வருகிறது.

1592 முதல் 1598 வரை யப்பான் கொரியாமீது படையெடுத்தது. அப்போது கொரியக் குயவர் பலர் பிடிக்கப்பட்டு யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் ஹகி என்ற ஊரில் தொடங்கிவைத்த தேநீர்க் கிண்ணங்கள் இன்றும் அங்கே செய்யப்படுகின்றன. மேற்பூச்சிலுள்ள மெல்லிய வெடிப்புகளினூடே தேநீர் ஊறி, ஆண்டுக்கணக்கில் அக்கிண்ணங்களின் நிறம் மாறும். அந்த மாற்றத்தையே மக்கள் விரும்புகின்றனர்.

நாமும் ஒரு கோப்பை செய்து பழகலாம். சக்கரம் தேவையில்லை. களிமண்ணில் கல், வேர் நீக்கி, சிறிது மணல் சேர்த்து, நன்றாகப் பிசையவேண்டும். தேசிக்காயைவிடப் பெரிய உருண்டை ஒன்றை உள்ளங்கையில் வைத்து, நடுவில் பெருவிரலால் குழி செய்து, சுற்றிச் சுற்றி மெதுவாக அழுத்தவேண்டும். சுவர் அரை சென்ரிமீற்றர் தடிப்பு இருந்தால் போதும். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்குவதால், சற்றுப் பெரிதாகவே செய்யுங்கள்.

நாங்கள் பழகத் தொடங்கியபோது, அவசரத்தில் கோப்பைகளை வெயிலில் வைத்தோம். மாலைக்குள் விளிம்புகள் வெடித்துவிட்டன. நிழலில், ஈரச்சாக்கால் மூடி, பல நாள் ஆறவிடவேண்டும். ஈரம் மிஞ்சிய கோப்பை நெருப்பில் நீராவியால் சிதறிவிடும். அருகே குயவர் சூளை இருந்தால், அதில் ஓர் இடம் கேட்டுப்பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத நிலத்தில் மண் தோண்டவேண்டாம். கோப்பையின் உட்புறத்தில் சாதாரண வர்ணமோ, ஈயம் கலந்த பூச்சோ பூசவேண்டாம், ஈயம் நஞ்சு. பூச்சில்லாத கோப்பை சற்றுக் கசியும். அதைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள்.

ஒரு கோப்பை வயலைத் திருப்பித் தராது. ஆனால் வரம்பு கட்டிய கைகளுக்கு, வேலையின்றி இருப்பதும் ஒரு பாரமே. முதற் கோப்பை கோணலாகத்தான் வரும். பரவாயில்லை. பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி இரண்டாவதைத் தொடங்குங்கள்.