பழைய பிக்கப் வண்டியில் ஏ.சி. குளிரவில்லையா?

பழைய பிக்கப் வண்டியை வாங்கி, அதில் காய்கறி, பூ, தீவன மூட்டை முதலியவற்றை ஏற்றிச் செல்லும் விவசாயிகள் பலர். சில வண்டிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. உண்டு. கோடையில் அது குளிரவில்லை என்றால், "காஸ் தீர்ந்துவிட்டது" என்று கூறி நிரப்பிக் கொடுப்பார்கள். சில வாரங்களில் மீண்டும் அதே குறை தோன்றும், மீண்டும் செலவு.

ஏ.சி. காஸ், டீசலைப்போல எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் அதுவே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. பல ஆண்டுகளில் ரப்பர் குழாய் வழியே சிறிது குறையலாம். ஒரே பருவத்தில் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் காஸ் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது.

பட்டறைக்குப் போகுமுன் சில சோதனைகளை விவசாயிகள் தாங்களே செய்து பார்க்கலாம்.

காற்றே வரவில்லை என்றால்

குறை காஸில் இல்லை. முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். அடுத்து காற்றை ஊதும் மோட்டாரைச் சோதிக்க வேண்டும். காற்று மெதுவாக வந்தால் வடிகட்டியிலோ குளிர்க்காயிலிலோ தூசு அடைத்திருக்கலாம். முதலில் நன்றாகக் குளிர்ந்து, போகப்போகக் காற்று குறைந்தால் காயிலில் பனி உறைகிறது எனலாம். வண்டிக்கு அடியில் தெளிந்த நீர் சொட்டுவது குறை அன்று. அது காற்றின் ஈரம்.

காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை என்றால்

வண்டியை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை ஓட விட வேண்டும். தோள் துண்டு, வேட்டி முனை ஆகியவை பெல்ட் பக்கம் போகக்கூடாது. ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரசரின் முன்தட்டு "டக்" என்ற ஓசையுடன் கப்பியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். கப்பி மட்டும் சுற்றித் தட்டு நின்றிருந்தால் பியூஸ், ரிலே, கம்பிகளைச் சோதிக்க வேண்டும். களத்து மேட்டில் நிற்கும் வண்டிகளில் எலி கம்பியைக் கடித்திருப்பதும் உண்டு. காஸ் மிகவும் குறைந்திருந்தாலும் அழுத்த சுவிட்சு தட்டைச் சுற்ற விடாது. தட்டு சில வினாடிகளுக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விட்டால் பெரும்பாலும் காஸ் குறைவே காரணம்.

ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிரவில்லை என்றால் ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சரைக் கவனிக்க வேண்டும். வைக்கோல் தூசும் சேறும் அதில் படிந்திருக்கும். இல்லையேல் மின்விசிறி நின்றிருக்கும். இந்த அடைப்பினால் எஞ்சினும் சூடேறும். எஞ்சின் ஆறியபின் மெதுவாக நீர் விட்டுக் கழுவினால் போதும். வேகமாக நீரைப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

கசிவைக் கண்டறிதல்

காஸுடன் எண்ணெயும் சேர்ந்து ஓடுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் காணப்படும். குழாய் இணைப்புகள், கம்ப்ரசரின் முன்பக்கம், கண்டென்சர் ஆகியவற்றை நன்கு பார்க்க வேண்டும். பட்டறையில் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நீர் தடவிச் சோதிப்பார்கள். இதற்கு ஆக்சிஜன் பயன்படுத்தக்கூடாது; எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். கசிவை அடைத்தபின் உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பு கொண்டு நீக்கி, குறிப்பிட்ட எடை அளவே காஸ் நிரப்ப வேண்டும்.

எந்தக் காஸ்?

மிகப் பழைய வண்டிகளில் ஆர்-12 காஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்பாட்டின்படி அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. பின்னர் வந்த வண்டிகளில் ஆர்-134ஏ பயன்பட்டது. இரண்டையும் கலக்கக்கூடாது. மாற்றும்போது கம்ப்ரசர் எண்ணெயையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று சமையல் காஸை நிரப்ப அனுமதிப்பது ஆபத்து. ஓட்டுநர் அறைக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

குழாய் இணைப்புகளை விவசாயிகள் தாங்களே கழற்றக்கூடாது. பீறிடும் காஸ் கண்ணிலும் தோலிலும் பட்டால் உறைபனிபோல் புண்ணாக்கும்.

செலவு கட்டாது என்று ஏ.சி.யை அப்படியே விட்டுவிட நினைப்போரும் கம்ப்ரசரில் இரைச்சல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் கப்பி பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துவிடும். அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் ஓட்டும் வண்டியானால், எஞ்சின் சூடேறி, சரக்குடன் நடுவழியில் நிற்க நேரும்.

எனவே, பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது "காஸ் என்ன விலை?" என்பதன்று, "கசிவு எங்கே?" என்பதே. அந்த இடத்தைக் காட்டிய பிறகு காஸுக்குப் பணம் கொடுப்பது நல்லது.